காவலனின் காதுப் பக்கம்

செல்லூரில் விசைத்தறிச் சத்தம் ஓய்கிற நாள் ஒன்று உண்டென்றால், அது பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள்தான். மாதத்தில் அந்த ஒரு பகலுக்காக ராஜபாண்டியும் அழகுபாண்டியும் காத்துக் கிடப்பார்கள். மற்ற நாட்களில், தறிக்கூடத்துக்கு மேலே அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறை சுவரோடு சேர்ந்து அதிரும். டம்ளரை மேஜைமேல் வைத்தால் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். வீடியோ கேம் விளையாட அது ஒரு தடையில்லை. பேசத்தான் முடியாது. மைக்கில் ஆள் குரலுக்கு முன்னால் தறியின் குரல் போய் விழும். அதனால் விளையாட்டை மாதம் முழுக்கப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, கரண்ட் இல்லாத பகலில் லேப்டாப் சார்ஜ் தீருகிறவரை பேசித் தீர்ப்பார்கள்.

பேசித் தீர்ப்பார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பேசுவது அழகுபாண்டி மட்டும்தான். விளையாடுவது ராஜபாண்டி.

‘எழுமலை மாப்ள’ என்ற அவர்களுடைய சேனலைப் பார்க்கிற ஒருவருக்கும் இது தெரியாது. தெரியாமல் போனதற்கு யாரும் சதி செய்யவில்லை. முதல் வீடியோவில் அழகுபாண்டி, “இப்ப நான் என்ன பண்ணப் போறேன்னா மக்களே” என்று வாய் தவறி ஆரம்பித்தான். திருத்திக்கொள்ளலாமா என்று அவன் கேட்டபோது, “இருக்கட்டும் மாப்ள, ரெண்டு பேருன்னு சொன்னாக் கேக்குறவன் கொழம்பிருவான்” என்று பெருந்தன்மையாகச் சொன்னது ராஜபாண்டிதான். அந்த ‘நான்’ அப்படியே குடியேறிவிட்டது. காசு விஷயத்தில் அழகுபாண்டியை ஒரு குறை சொல்ல முடியாது, வருகிறதில் பாதி ஒழுங்காக வந்துவிடும். ராஜபாண்டிக்குப் பகலில் சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிற வேலை. அழகுபாண்டிக்கு பைக் ஷோரூமில் ஆள் பிடிக்கிற வேலை. வாய் அங்கேயே நன்றாகப் பழகியிருந்தது.

இரண்டு பேரும் எழுமலைக்குத் தெற்கே ஒரே ஊர்க்காரர்கள். அழகுபாண்டி மேலத்தெரு. ராஜபாண்டி கீழத்தெரு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மதுரையில் ஒரே தட்டில் புரோட்டா. ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ஊருக்குப் போகும்போது உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் அந்த மாப்ள மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொள்ளும். அதற்கப்புறம் அழகுபாண்டி ‘ராசு’ என்பான், ராஜபாண்டி எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்துவிடுவான். இதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. சிநேகிதம் கெட்டுப்போகாமல் இருக்கப் பேசாமல் விடுகிற விஷயங்களில் அதுவும் ஒன்று.

அந்த வருஷம் அவர்கள் எடுத்துக்கொண்ட விளையாட்டு ‘கிரேமோர்’. பாழடைந்த கோட்டைகள், ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு ராட்சசன், அவனை வீழ்த்தினால் அடுத்த கோட்டைக்குச் சாவி. ராஜபாண்டியின் விரல்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. சிலந்தி ராணியை வாளால் வெட்டப் போகிறவன் செத்தான். அவளைத் தூணைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டால் தன் நூலிலேயே கட்டுண்டு விழுவாள். இரட்டைத் தளபதிகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு கடைசி நொடியில் குனிய வேண்டும், ஒருவன் வீச்சு இன்னொருவன் கழுத்தில் இறங்கும். பாசி ஒரு மாற்றுக் குறைந்து தெரிகிற சுவர்களைத் தட்டிப் பார்த்தால் பின்னால் புதையல் அறை இருக்கும். அழகுபாண்டி இவற்றையெல்லாம் மதுரை நக்கலோடு சொல்லும்போது கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நக்கல் அவனுடையதுதான். அதில் சந்தேகம் வேண்டாம்.

கடைசிக் கோட்டை வாசலில் காவலன் நின்றான். பனைமர உயரம், கல் முகம், மூடிய கண்கள். கண்ணைத் திறந்தால் எதிரில் இருப்பது எதுவானாலும் சாம்பல். அவனைக் கொன்றவர்கள் உலகத்தில் ஏராளம் உண்டு. ஆனால் விளையாட்டைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி புதிதாக ஒரு தூண்டிலைப் போட்டிருந்தது. காவலனுக்குப் பக்கத்தில் ஒரு ரகசிய மண்டபம் இருக்கிறதாம். உள்ளே ஒரு கல் எழுதப்படாமல் நிற்கிறதாம். அந்த மண்டபத்தை முதலில் திறந்து வீடியோ அனுப்புகிற ஒருவருடைய பெயரை அடுத்த அப்டேட்டில் அந்தக் கல்லில் செதுக்குவோம் என்று அறிவித்திருந்தார்கள்.

ராஜபாண்டிக்கு அந்தக் கல் வேண்டும் என்று இருந்தது. வாழ்க்கையில் அவன் அவ்வளவாக எதற்கும் ஆசைப்பட்டவன் இல்லை. ஊர்க்கோயிலில் டியூப்லைட்டில்கூட உபயம் இன்னார் என்று பெயர் எழுதி வெளிச்சத்தை மறைத்து வைத்திருப்பார்கள். அதில் ஒரு விளக்கில்கூட கீழத்தெருப் பெயர் கிடையாது. இங்கே ஒரு கல். பிரேசிலில் இருக்கிறவன், ஜப்பானில் இருக்கிறவன், யார் விளையாடி உள்ளே வந்தாலும் வாசிக்கிற கல். அதில் ‘நான்’ என்று யாரோ ஒருவன் இருக்க முடியாது. பெயர்தான் இருக்க முடியும். அந்தப் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். நினைப்பதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அவன் காவலனிடம் செத்துக்கொண்டிருந்தான். கொன்று பார்த்தான், சுவர்களையெல்லாம் தட்டினான், ஒன்றும் திறக்கவில்லை. எரிச்சலில் வாளை உறையில் போட்டு, தன் வீரனை ஓரமாக நிறுத்திவிட்டு, டீ வாங்கக் கீழே இறங்கினான். கடையில் கூட்டம். திரும்பி வருகிறபோது, இந்நேரம் வீரன் சாம்பலாகியிருப்பான் என்றுதான் நினைத்தான். வீரன் உயிரோடு நின்றான். காவலன்தான் கண்ணை மூடித் தலையைக் குனிந்திருந்தான். வீரன் நின்ற பக்கத்துக் காதுக்கு நேர் கீழே, சுவர் இரண்டாகப் பிளந்து வழி விட்டிருந்தது.

டீ ஆறுகிறவரை ராஜபாண்டி அசையவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீரனைக் கொண்டுபோய் அந்த இடத்தில் ஏன் நிறுத்தினோம் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் ஊரில் காவல் தெய்வம் வீச்சரிவாளோடு குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறது. மாசிக் களரித் திருவிழா அன்று மேலத்தெருக்காரர்கள் அதற்கு நேர் எதிரே நிற்பார்கள். முதல் திருநீறு, பரிவட்டம் எல்லாம் அழகுபாண்டி வீட்டுக்கு. கீழத்தெருக்காரர்கள் வலது பக்கம், புளியமரத்தை ஒட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் சாமியின் ஒரு காதும் குதிரையின் வாலும் தெரியும், அவ்வளவுதான். சின்ன வயதில் ராஜபாண்டி எட்டிப் பார்க்க முண்டியபோது அப்பா கண்ணுச்சாமி அவன் தோளை அழுத்தி, “காது தெரியுதுல்ல, நம்ம சொல்றது அதுக்குக் கேக்கும், போதும்” என்றார். இப்போது யாரும் அங்கேதான் நிற்க வேண்டும் என்று சொல்வதில்லை. முன்னால் வாருங்கள் என்றும் சொல்வதில்லை. கால்கள் தாமாகப் புளியமரத்துக்குப் போய்விடுகின்றன. விளையாட்டிலும் போயிருக்கின்றன. பெரிய கல் முகம் ஒன்றைப் பார்த்ததும், தன் கட்டைவிரல் தன்னைக் கேட்காமல் வீரனை வலது ஓரத்துக்கு நகர்த்தியிருக்கிறது. அதை நினைக்க அவனுக்குக் கூசியது. அதே சமயம், முதல் தடவையாக அந்த இடத்தால் ஒரு லாபம் வந்ததே என்று சிரிப்பும் வந்தது.

கரண்ட் போன நாளில் அழகுபாண்டி பதிவைப் பார்த்துவிட்டு அவன் முதுகில் ஓங்கித் தட்டினான்.

“எப்புடி மாப்ள கண்டுபிடிச்ச? அந்தக் கம்பெனிக்காரன், எப்படிக் கண்டுபிடிச்சோம்னு ஒரு நிமிசம் பேசி அனுப்பச் சொல்லியிருக்கான்.”

ராஜபாண்டி சொன்னான். புளியமரம், காது, குதிரை வால், அப்பா தோளை அழுத்தியது எல்லாவற்றையும் சொன்னான். அழகுபாண்டியிடம் இதைச் சொல்வது அதுவே முதல் தடவை. சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது.

அழகுபாண்டி மைக்கைத் துடைத்தான். துடைக்கத் தேவையில்லாத அளவுக்குத் துடைத்தான்.

“இப்பத்தான் யாரும் அப்படியெல்லாம் பாக்குறதில்லையே மாப்ள.”

“இல்லதான்.”

“அப்பறம் என்ன. இத இப்படியே சொன்னோம்னா கமெண்ட்ல அடிச்சுக்கிருவானுக. எங்க பெரியப்பா வேற நம்ம சேனலப் பாக்குறாரு. நான் லேசா மாத்திச் சொல்லிக்கிறேன், விடு.”

மாற்றிச் சொன்னான். தறிகள் நின்றுபோன அமைதியில் ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாகப் பதிவானது.

“மக்களே, இது எங்க ஊரு டெக்னிக். எங்க காவல் தெய்வத்துக்கு நேரா நாங்க நிக்க மாட்டோம். அது நாங்க சாமிக்குக் குடுக்குற மரியாத. ஓரமா, காதுப் பக்கமா ஒதுங்கித்தான் நிப்போம். எங்க தாத்தன் பூட்டன் காலத்துல இருந்து அப்படித்தான். அந்தப் பழக்கத்துலதான் நான் போயி அங்கன நின்னேன், கதவு தெறந்துருச்சு.”

தலைமுறை தலைமுறையாகச் சாமிக்கு நேர் முன்னால் நின்று பரிவட்டம் கட்டிக்கொண்ட குடும்பம், ஒரே நிமிஷத்தில் புளியமரத்தடிக்கு இடம் மாறி வந்துவிட்டது. அதுவும் பெருமையாக. அங்கே நிற்க வைக்கப்பட்டவர்கள் அந்தப் பேச்சில் இல்லை. ராஜபாண்டிக்குக் காது சுட்டது. இதைக்கூடவா எடுத்துக்கொள்வான் என்று நினைத்தான். அழகுபாண்டி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “நல்லா இருந்துச்சா?” என்றான். “ம், நல்லா வந்திருக்கு” என்றான் ராஜபாண்டி.

பிறகு அழகுபாண்டி போனை எடுத்தான். “பேருன்னு ஒரே ஒரு கட்டந்தான் குடுத்திருக்கான். சேனல் பேரு போடக் கூடாதாம், ஆள் பேரு வேணுமாம். யாரு பேரப் போட?”

இந்த இடத்தில் ராஜபாண்டி செய்ததை வெளியூர்க்காரன் ஒருவன் பார்த்தால் பைத்தியம் என்பான். ராஜபாண்டி வளர்ந்த வீட்டில், பந்திக்குக் கூப்பிட்டால் முதலில் “இருக்கட்டும்” என்று சொல்ல வேண்டும். மறுபடி கூப்பிட்டாலும் “இப்பத்தான் சாப்பிட்டேன்” என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான், கையைப் பிடித்து இழுத்தபின், உட்கார வேண்டும். முதல் தடவையே இலைக்கு முன்னால் உட்காருகிறவனுக்குக் காணாததைக் கண்டவன் என்று பெயர். பசி எவ்வளவோ அவ்வளவு மறுக்க வேண்டும். ராஜபாண்டிக்கு அன்றைக்கு இருந்த பசிக்கு, அவன் இப்படிச் சொன்னான்:

“உன் பேரையே போடு மாப்ள. யாரு பேரா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்.”

அழகுபாண்டி நிமிர்ந்து பார்த்தான். “நெசமாவா சொல்ற?”

“அட, போடுப்பா.”

இனி அவன் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். லூசா நீ, விளையாடினது நீ, கண்டுபிடிச்சது நீ, உன் பேருதான்டா என்று திட்ட வேண்டும். அந்தத் திட்டுக்காக ராஜபாண்டி முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அழகுபாண்டி வளர்ந்த வீடு வேறு வீடு. அங்கே மரியாதை தேடி வரும்போது மறுத்துப் பழக்கமில்லை, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டுதான் பழக்கம். அவன் தலையைக் குனிந்து எதையோ தட்டினான். “அனுப்பிட்டேன்” என்றான். எந்தப் பெயர் என்று அவன் காட்டவில்லை. ராஜபாண்டியும் கேட்கவில்லை.

அன்று முதல் அவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள ஆரம்பித்தான். என் பேரைத்தான் போட்டிருப்பான், கடைசியில் சொல்லி அசத்தலாம் என்று இருக்கிறான், பத்து வருஷப் பழக்கத்தில் இதுகூடவா தெரியாது என்று சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது நிஜம் மாதிரியே ஆகிவிட்டது. கம்பெனி, முதலில் திறந்தது மதுரைப் பக்கத்து ஆள்தான் என்று அறிவித்தது. பெயரைக் கல்லில் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. அந்தத் துணிச்சலில் ராஜபாண்டி அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

“கல்லுலயா?” என்றார் கண்ணுச்சாமி. “உபயம் போடுவாகளே, அது மாதிரியா?”

“அது மாதிரிதாம்ப்பா. ஒலகத்துக்கே தெரியும்.”

அப்டேட் வந்த ஞாயிறன்று அவரே வந்து நின்றார். சிம்மக்கல்லில் களத்துக்குத் தார்ப்பாய் வாங்க வந்தவர், சுருட்டிய தார்ப்பாயைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டார். கூலிக்குப் போன காலமெல்லாம் போய், இப்போது சொந்தமாக அரை ஏக்கரில் சோளம் போடுகிறார். மகன் பெயரைப் பார்ப்பதற்கென்று வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். கீழே தறிகள் முழு வேகத்தில் ஓடின. ராஜபாண்டி அதுவரை மண்டபத்துக்குள் போய்ப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. அப்பா வந்த பிறகு தப்ப வழியில்லை.

காவலன் எதிரில் வீரனை வலது ஓரமாக நிறுத்தினான்.

“ஏம்ப்பா வெட்டாம நிக்கிற?” என்றார் கண்ணுச்சாமி, சத்தமாக.

“வெட்டக் கூடாதுப்பா. இங்கன நின்னா அது கண்ணு நம்ம மேல படாது.”

அவர் திரையை உற்றுப் பார்த்தார். பொக்கை வாய் தெரியச் சிரித்தார். “அட, நம்ம நிக்கிற எடம்.”

சுவர் பிளந்தது. மண்டபத்துக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. நடுவில் கல். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகள். கண்ணுச்சாமி எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று, முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

“உன் பேருக்கு இந்த எழுத்து இல்லையே. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது காமிச்சாகளே, அது காலு நீட்டிக்கிட்டுல்ல இருக்கும்.”

ராஜபாண்டி வாசித்தான். அழகுபாண்டி, எழுமலை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: முன்னோர் வழக்கப்படி மரியாதையோடு ஒதுங்கி நின்றவர்.

“அழகுபாண்டி பேருப்பா.”

“மேலத்தெருத் தம்பியா?” அவர் எழுத்தின்மேலிருந்து விரலை எடுத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, மகனின் முழங்காலைத் தட்டினார். “இருக்கட்டும். நல்ல தம்பிதான. அவுக பேரு வந்தா நம்மூருப் பேரு வந்த மாதிரிதான். நீ எதையும் கேட்டுக்கிட்டு நிக்காத. பழக்கம் கெட்டுப் போகும்.”

ராஜபாண்டி கையிலிருந்த கண்ட்ரோலரைத் தரையில் போட்டான்.

“இருக்கட்டும் இருக்கட்டும்னே சொல்லித்தான ஆயுசு பூராம் அந்த மரத்தடியில நின்ன. இப்ப யாரு ஒன்னயத் தடுத்தா? ஒரு தடவ முன்னாடி போயி நின்னுருக்கியா நீ? எம் பேர எடுத்துக்கிட்டான், நம்ம நின்ன எடத்தையும் எடுத்துக்கிட்டான், அதுக்கும் இருக்கட்டுமா? ஒன்னயப் பாத்துத்தான நானும் அவன்கிட்ட இருக்கட்டும்னு சொன்னேன். எனக்கு வாய் இல்லாமப் போனது ஒன்னாலதான். வெக்கமா இல்லயா ஒனக்கு?”

தறிச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது, அதனால் கத்தினேன் என்று பிற்பாடு அவன் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கடைசி வாக்கியத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. அதை அவன் கத்தவில்லை. அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, அவருக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னான்.

கண்ணுச்சாமியின் பார்வை மகனிடமிருந்து வெளுத்த வேட்டிக்குப் போயிற்று. எழுந்து தார்ப்பாயைத் தோளில் ஏற்றினார். அது ஒரு தடவை சரிந்தது, மறுபடி ஏற்றினார். ராஜபாண்டி கை கொடுக்கவில்லை.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா. வாரேன்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அவர் இறங்கிய கொஞ்ச நேரத்தில் அழகுபாண்டி புரோட்டாப் பொட்டலத்தோடு ஏறி வந்தான். திரையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது, உடனே கொஞ்சம் கூசவும் செய்தது.

“வந்துருச்சா. பெரியப்பா காலையிலயே போன் போட்டாரு, ஊர்ல பிளெக்ஸ் வைக்கப் போறாகளாம்.” பொட்டலத்தை வைத்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தான். “நீ சொல்லலைன்னா எம் பேரப் போட்டிருக்கவே மாட்டேன் மாப்ள. நெசமாவான்னு கேட்டேன்ல?”

“கேட்ட.”

“அதான். வருத்தமில்லையே?”

ராஜபாண்டி பேச வாயெடுத்தான். அதற்குள் அழகுபாண்டி பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னான்:

“உங்கப்பாவப் படியில பாத்தேன். எங் கையப் பிடிச்சுக்கிட்டாரு. கல்லுல பேரப் பாத்தேன் தம்பி, நல்லா இருங்கன்னாரு. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு மாப்ள அவருக்கு. எம்மேல அம்புட்டுப் பாசம்.”

கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அழகுபாண்டி சொன்னது தப்பு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை ராஜபாண்டியிடம் இல்லை. அழகுபாண்டிக்கு என்று நாள் கணக்கில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவன் அப்பாவிடம் கொட்டித் தீர்த்திருந்தான். அவன் கொஞ்சம் நகர்ந்து, அழகுபாண்டி உட்கார இடம் விட்டான்.